வெளியூர் கான்பரன்ஸ் மேட்ச்சுகளுக்கு ஒரு கல்லூரி வாலிபால் அணி எப்படித் தயாராகிறது?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சொந்த ஊரில் யார் வந்தாலும் அடித்து அனுப்பும் அணிகள் வெளியூர் கான்பரன்ஸ் (பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக்) மேட்ச்சுகளில் மட்டும் ஏன் திணறுகின்றன? அந்த வாரத்தில் அவர்கள் உண்மையில் என்ன பயிற்சி செய்கிறார்கள்? கூட்டத்தின் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பழகுவதால் பலன் உண்டா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

வெளியூர் மேட்ச் என்றவுடன் பலரும் மனத்துணிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பல வருடங்களாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்ந்து வருவதில் எனக்கு ஏற்பட்ட முடிவு வேறு. பழக்கமில்லாத அரங்கம் முதலில் கண்ணையும் காதையும் தூக்கத்தையும்தான் தாக்குகிறது. அதன் விளைவு முதலில் தெரிவது சர்வீஸை எடுக்கும் அந்த முதல் தொடுதலில். அந்தத் தொடுதலைத்தான் பாஸ் என்கிறோம்; அது கெட்டால், அட்டாக்கர்களுக்குப் பந்தை ஏற்றிக்கொடுக்கும் செட்டருக்கு வழியில்லை. செட்டருக்கு வழியில்லை என்றால் அட்டாக் எங்கே போகும் என்று எதிரணி பிளாக்கர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறகு புள்ளிகள் வரிசையாகப் போகும், கூட்டம் எழுந்து நிற்கும், அதைப் பார்த்துவிட்டு நாம் "பெண்கள் பயந்துவிட்டார்கள்" என்கிறோம். நல்ல பயிற்சியாளர்கள் அந்த வாரத்தில் பெரும்பகுதியை முதல் தொடுதலுக்கே ஒதுக்குவது இதனால்தான்.

பிக் டென் கான்பரன்ஸை எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்த ஆட்டத்தில் மிகக் கடினமான வெளியூர்ப் பயணங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2024இல் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் நான்கும் சேர்ந்ததால் அது 18 அணிகள் கொண்ட கான்பரன்ஸ் ஆகிவிட்டது. அட்லாண்டிக் கரையோரத்து நியூ ஜெர்சியிலிருந்து பசிபிக் கரையோரத்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஒரே லீக். அந்த சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 20 கான்பரன்ஸ் மேட்ச்சுகள், அதில் பாதி வெளியூரில். கடைசியில் கூடைப்பந்தில் நடப்பதுபோல் ஒரு கான்பரன்ஸ் நாக்-அவுட் தொடரும் கிடையாது. அந்த 20 மேட்ச்சின் கணக்குதான் பட்டம்.

அந்தக் கணக்கு எவ்வளவு மெலிதானது என்பதற்கு 2024 சீசனே சாட்சி. நெப்ராஸ்காவும் பென் ஸ்டேட்டும் தலா 19 வெற்றி, 1 தோல்வி என்று முடித்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. நெப்ராஸ்காவின் அந்த ஒரு தோல்வி நவம்பர் கடைசியில் பென் ஸ்டேட்டின் ரெக் ஹாலில் நடந்தது. அந்த வருடம் முழுவதும் நெப்ராஸ்கா 33 வென்று 3 தோற்றது. மூன்று தோல்விகளும் வெளியே: டாலஸில் எஸ்எம்யூ பல்கலைக்கழக அணியிடம், ரெக் ஹாலில் பென் ஸ்டேட்டிடம், லூயிவில்லில் நடந்த தேசிய அரையிறுதியில் மறுபடியும் பென் ஸ்டேட்டிடம். லிங்கன் நகரில் இருக்கும் தங்கள் டெவானி சென்டரில் ஒரு மேட்ச்கூட விடவில்லை. 2001இலிருந்து லீக் மேட்ச் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்கிற ஊர் அது. 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தில் நடத்திய மேட்ச்சுக்கு 92,003 பேர் வந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தைப் பழகிய பெண்களுக்கு ரெக் ஹால் கூட்டம் பயம் காட்டியிருக்கும் என்று சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கு எதிரில் இருந்தது மிக நல்ல அணி, இடமும் அந்த அணியின் இடம். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் வெளியூரில் கிடைக்கும் ஒரு வெற்றி, டிசம்பரில் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பாகத் திரும்பி வரும். தேசியத் தொடரில் 64 அணிகள். தரவரிசையில் முதல் 16 இடங்களில் வரும் அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் அரங்கிலேயே நடத்தும். முதல் 4 இடத்தில் இருப்பவர்கள் வென்றுகொண்டே போனால் அடுத்த இரண்டு சுற்றுகளும் அங்கேயேதான். இந்த வாரத்து வெளியூர் மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

சரி, அரங்கத்துக்கு வருவோம். கோர்ட் எங்கு போனாலும் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், வலை 2.24 மீட்டர். கோட்டுக்கு வெளியே இருப்பது எதுவும் ஒன்றுபோல் இருக்காது. பர்டியூவின் ஹாலோவே ஜிம்னேசியத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்காரலாம், ஆனால் அவர்கள் கோர்ட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார்கள். விஸ்கான்சினின் பீல்ட் ஹவுஸ் 1930இல் கட்டிய பழைய கட்டடம். ஏழாயிரம் பேர் உட்கார்ந்தால் மேல் மாடத்துச் சத்தம் நேரே தலைமேல் இறங்கும். ரெக் ஹால் 1929இல் திறந்தது. யுசிஎல்ஏவின் பாலி பெவிலியன் பெரிய கூடைப்பந்து அரங்கம், கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கைகள் தூரமாகப் பின்வாங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

பாஸ் எடுப்பவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், பந்தின் தூரத்தை அவர் கணிப்பது அதன் பின்னால் தெரியும் காட்சியை வைத்துத்தான். சர்வீஸ் கையை விட்டுக் கிளம்பி இவர் முன்கையில் விழுவதற்கு ஒரு நொடிதான் ஆகும். அதிலும் ப்ளோட்டர் சர்வீஸ் சுழலாமல் வரும், காற்றில் தள்ளாடும், கடைசிக் கணத்தில் சரியும். பழக்கப்பட்ட ஜிம்மில் பின்சுவர் எங்கே, விளக்குகள் எங்கே என்பது உடம்புக்கே தெரியும். யோசிக்காமலே அரை அடி முன்னால் போவார், அரை அடி பின்னால் வருவார். புது இடத்தில் அந்த அரை அடி தவறும். பந்து முன்கையில் விழவேண்டிய இடத்தைவிட நான்கு விரல்கடை மேலே விழும். மூன்று மதிப்பெண் பாஸ் ஒரு மதிப்பெண் பாஸ் ஆகிவிடும். (பாஸை பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டுக் கணக்கு வைப்பது இந்த ஆட்டத்தில் பல அணிகளும் செய்வது. செட்டர் நகராமல் எல்லா அட்டாக்கர்களுக்கும் கொடுக்க முடிந்தால் மூன்று.)

கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நான்கு தட்டு தட்டி, மூச்சு வாங்கி, மனதைத் திரட்டிக்கொள்ளலாம். வாலிபாலில் பந்தைப் பிடித்துவைக்கவே முடியாது. அதனால்தான் புது அரங்கத்தின் பாதிப்பு மற்ற விளையாட்டுகளைவிட இதில் கூர்மையாகத் தெரிகிறது.

இதற்கு மருந்து, மேட்ச் நாளன்று காலையில் அதே அரங்கில் நடக்கும் ஒரு சின்னப் பயிற்சி. சர்வ்-அண்ட்-பாஸ் என்பார்கள். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. முக்கால் மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கில் வரும். ஆகவே அந்தக் காலைப் பயிற்சி இவர்களுக்குத் தனியாக நேரம் தின்பதில்லை. அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் அணிக்கு அணி வித்தியாசம். சில அணிகள் பாதி நேரத்தை அட்டாக்கர்கள் ஓங்கி அடித்து மகிழ்வதில் கழித்துவிடுகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். என் பார்வையில் அது பெரிய வீண். அட்டாக்கருக்கு வலை எங்கும் ஒரே வலைதான். பாஸர்களுக்கும் செட்டருக்கும்தான் அந்த இடம் புதிது.

நன்றாகச் செய்பவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் பாஸர்கள், அதுவும் கோர்ட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும். ஒரு பக்கத்தில் பின்னணி வெள்ளைப் பெஞ்சுகளாக இருக்கும், மறுபக்கம் இருட்டுத் திரையாக இருக்கும். இரண்டுக்கும் கண் தனித்தனியாகப் பழகவேண்டும். அப்புறம் செட்டருக்கு உயரமான பந்துகளாக எறிவார்கள். அண்ணாந்து பார்க்கும்போது எந்த விளக்கு கண்ணில் அடிக்கிறது, கூரைச் சட்டம் எங்கே வருகிறது என்று அவர் தெரிந்துகொள்வார். பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ கோர்ட்டுக்கு வெளியே ஓடி ஓடிப் பந்தெடுப்பார். ஸ்கோரர் மேஜை எத்தனை எட்டில் இருக்கிறது, விளம்பரப் பலகை எங்கே தொடங்குகிறது, டிவி கேமராக்காரர் எங்கே நிற்பார் என்பதை மேட்ச்சுக்கு முன்பே உடம்பில் ஏற்றிக்கொள்ளவேண்டும். சர்வ் போடுபவர்கள் பின்கோட்டுக்குப் பின்னால் ஓடிவர எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்வார்கள். ஹாலோவே மாதிரி நெருக்கமான இடத்தில் ஜம்ப் சர்வ் போடுபவர் தன் ஓட்டத்தையே ஒரு எட்டு குறைக்கவேண்டி வரலாம். இதை மேட்ச்சின் முதல் சர்வில் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

இந்த வேலை ஊரிலேயே தொடங்கிவிடும். எதிரணி வேறு கம்பெனிப் பந்து பயன்படுத்தினால் திங்கள் முதலே அந்தப் பந்தில் பயிற்சி. தினமும் ஒரே பக்கத்தில் நின்று பாஸ் எடுக்கும் பழக்கத்தை உடைத்து, கோர்ட்டை மாற்றி மாற்றி, வேறு ஜிம் கிடைத்தால் அங்கேயும் போய்ப் பழகுவார்கள்.

இப்போது சத்தம். உங்கள் ஸ்பீக்கர் கேள்விக்கு என் பதில்: எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீராங்கனைகளைக் கடினப்படுத்துவதற்கு என்றால் பலனில்லை. பேச்சே இல்லாமல் ஆடக் கற்றுக்கொள்வதற்கு என்றால் மிகவும் பயன்படும்.

வாலிபாலில் சத்தம் கெடுப்பது ஒரே ஒரு விஷயத்தை: கூப்பிடுவதை. சர்வீஸ் இரண்டு பாஸர்களுக்கு நடுவில் வரும்போது "எனக்கு" என்று ஒருவர் கத்துவார், மற்றவர் விலகுவார். பீல்ட் ஹவுஸில் அந்தக் குரல் இரண்டு மீட்டர் தள்ளிக் கேட்காது. இருவரும் விட்டுவிடுவார்கள், அல்லது இருவரும் போவார்கள். எதிரணிப் பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும், குறிபார்த்து நடுவில்தான் போடச் சொல்வார்கள். ஆகவே யார் எடுப்பது என்பதைக் குரலுக்கு விடாமல் முன்பே விதியாக்கிவிட வேண்டும். நடுவில் குட்டையாக விழுந்தால் இன்னார், நீளமாக வந்தால் இன்னார் என்று ஒவ்வொரு ரொட்டேஷனுக்கும் (வீராங்கனைகள் இடம் மாறிச் சுற்றி வரும் ஆறு நிலைகள்) தீர்மானித்து, ஸ்பீக்கர் அலறும்போது அந்த விதியை மட்டும் வைத்துப் பாஸ் எடுக்கப் பழகவேண்டும். செட்டர் அட்டாக்கர்களுக்கு விரல் சைகையில் சொல்வார். எதிரணியின் முன்வரிசையில் எத்தனை அட்டாக்கர்கள் இருக்கிறார்கள் என்பதையும் விரல்தான் சொல்லும். ஒவ்வொரு ரேலிக்குப் பிறகும் ஆறு பேரும் கூடி நிற்கிறார்களே, அந்தச் சில நொடிகள்தான் வெளியூரில் பேச்சுக்குக் கிடைக்கும் நேரம். அதை வெறும் கைதட்டலில் செலவழிக்காமல் "அடுத்து குட்டை சர்வ் வரும், நீ ஒரு எட்டு முன்னால் வா" என்று ஒரே ஒரு தகவலுக்குப் பயன்படுத்தப் பழக்குவார்கள்.

ஸ்பீக்கரில் ஒரே அளவில் இரைச்சலை ஓடவிடுவதும் சரியல்ல. உண்மையான கூட்டத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. வந்த அணி சர்வ் போடப் போகும்போது கத்தும், அந்த சர்வைத் தங்கள் அணி எடுக்கும்போது அடங்கும், தொடர்ந்து மூன்றாவது புள்ளி விழுந்தால் வெடிக்கும். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஒலிக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சி மேட்ச்சின் புள்ளிக்கு ஏற்ப ஏற்றி இறக்கவேண்டும். மூன்று புள்ளி போன நேரத்தில் சத்தம் உச்சத்தில் இருக்க, அந்த நான்காவது சர்வீஸை எடுப்பதுதான் பழகவேண்டிய ஒரே தருணம்.

அந்தத் தருணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். எதிரணி சர்வ் போடும்போது அந்தப் புள்ளியை நாம் எடுப்பதை சைட்-அவுட் என்கிறோம். நமது சைட்-அவுட் 60 சதவீதம் என்று வைப்போம், நல்ல கல்லூரி அணிக்கு அது இயல்பான அளவு. எதிரணியின் ஒரு சர்வர் தொடர்ந்து ஐந்து புள்ளி எடுக்கும் வாய்ப்பு அப்போது நூற்றில் ஒன்றுதான். வெளியூரில் பாஸ் கொஞ்சம் கெட்டு அது 50 சதவீதமாக இறங்கினால், அதே ஐந்து புள்ளித் தொடருக்கு வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. பத்து சதவீதச் சரிவு, மூன்று மடங்கு ஆபத்து. ஒரு செட்டில் எதிரணிக்குப் பத்துப் பன்னிரண்டு முறையாவது சர்வ் சுற்று வரும். 25 புள்ளி செட்டில் ஒரே ஒரு ஐந்து புள்ளித் தொடர் போதும், கதை முடிந்துவிடும். வெளியூரில் "திடீரென்று சரிந்துவிட்டார்கள்" என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

இதனால்தான் வியாழக்கிழமைப் பயிற்சிகளில் 0-0 என்று தொடங்கவே மாட்டார்கள். 19-22 என்று பின்தங்கிய நிலையில் தொடங்குவார்கள். அல்லது தங்கள் பலவீனமான ரொட்டேஷன் எதுவோ, அதிலேயே நிறுத்திவைத்து, தொடர்ந்து இரண்டு சைட்-அவுட் எடுத்தால்தான் சுற்றலாம் என்பார்கள். ஒரே செட்டரை வைத்து ஆடும் 5-1 முறை அணிக்கு செட்டர் முன்வரிசையில் இருக்கும் மூன்று ரொட்டேஷன்களில் முன்னால் அட்டாக்கர்கள் இருவர்தான். எதிரணியின் சிறந்த சர்வர் அந்த நேரத்தில் சர்வ் போட வராமல் பார்த்துக்கொள்ள, எந்த ரொட்டேஷனில் ஆட்டத்தைத் தொடங்குவது என்று பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்பார்கள். செட்டுக்கு இரண்டு டைம்-அவுட்தான். சொந்த ஊரில் நான்கு புள்ளி போகட்டும் என்று பொறுத்திருப்பவர்கூட வெளியூரில் இரண்டாவது மூன்றாவது புள்ளியிலேயே எடுத்துவிடுவார். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் செட்டுக்கு 15 மாற்றுகள் அனுமதி என்பதால், எதிரணி வேகமெடுக்கும்போது ஒரு மாற்றுக் கேட்டு ஆட்டத்தின் ஓட்டத்தைச் சற்று நிறுத்தவும் முடியும்.

சர்வ் பற்றி ஒரு கருத்து எனக்கு உறுதியாக உண்டு. வெளியூரில் தவறு செய்யக் கூடாது என்று சர்வை மெதுவாக உள்ளே போட்டுவிடும் அணி தோற்பதற்கான வேலையைத் தானே செய்கிறது. எதிரணி தனக்குப் பழகிய வெளிச்சத்தில், பழகிய பின்னணியில் பாஸ் எடுக்கிறது. அதற்கு இலகுவான சர்வும் கொடுத்தால் மூன்று அட்டாக்கர்களும் திறந்து நிற்பார்கள். யார் முழு வேகத்தில் போடலாம், யார் குறிப்பிட்ட பாஸரை நோக்கிப் போடவேண்டும் என்று முன்பே பிரித்துவைப்பார்கள். அதோடு, முன்னவர் சர்வைத் தவறவிட்டிருந்தால் அடுத்தவர் எப்படியும் உள்ளே போடவேண்டும், டைம்-அவுட் முடிந்து வரும் முதல் சர்வ் உள்ளே விழவேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகள். அதற்கு மேல் விதி போட்டால் சர்வர்களின் கை இறுகிவிடும்.

எதிரணியை வீடியோவில் அலசுவதைப் பற்றி நிறைய சொல்லலாம், ஆனால் இந்த மட்டத்தில் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். ஆறு ரொட்டேஷனிலும் எதிரணி செட்டர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். வெளியூருக்குச் செல்லும்போது அந்தத் தகவலைக் குறைத்து எடுத்துப்போவதுதான் திறமை. ஒரு வீராங்கனைக்கு இரண்டு குறிப்பு, அதற்கு மேல் வேண்டாம். சத்தத்தில் மூன்றாவது நினைவுக்கு வராது.

அடுத்து உடம்பின் கடிகாரம். பிக் டென் இன்று மூன்று நேர மண்டலங்களில் பரவிக் கிடக்கிறது. மேற்குக் கரை அணிகள் கிழக்கே போவதும் கிழக்கு அணிகள் மேற்கே போவதும் ஒரே மாதிரிக் கஷ்டம் என்று நினைக்கக் கூடாது. உடம்பின் வெப்பமும் தசையின் வேகமும் மாலையில்தான் உச்சத்தில் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் அணி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸுடன் இரவு 7 மணிக்கு ஆடினால், அவர்கள் உடம்புக்கு அது மாலை 4 மணி. ஒன்றும் பாதகமில்லை. மாறாக ரட்கர்ஸ் பெண்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இரவு 7 மணிக்கு ஆடும்போது உடம்புக்கு மணி 10. ஐந்தாவது செட் வந்தால் நள்ளிரவைத் தாண்டிவிடும். மேற்கு அணிகளுக்கு இடி விழுவது ஞாயிறு மதியம். கிழக்கில் 1 மணி ஆட்டம் என்றால் அவர்களுக்குக் காலை 10. அதற்கு முன் காலை 9 மணிக்கு சர்வ்-அண்ட்-பாஸ் வைத்தால் உடம்பு அதை விடியற்காலை 6 மணி என்றுதான் எடுத்துக்கொள்ளும். பொதுவாக ஒரு நேர மண்டலத்தைத் தாண்ட உடம்புக்கு ஒரு நாள் வேண்டும் என்பார்கள். மூன்று நாள் முன்னதாகப் போய் உட்கார மாணவிகளால் முடியாது, வகுப்புகள் இருக்கின்றன. அதனால் ஊரிலேயே இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்து தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினமும் கொஞ்சம் நகர்த்துவார்கள், காலை வெளிச்சத்தில் நடக்க விடுவார்கள். பயிற்சி நேரத்தையும் மேட்ச் நேரத்துக்கு ஒத்து மாற்றுவார்கள்.

தூக்கத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியிருந்தது. கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் நுணுக்கமான வேலை எதுவோ, அதற்குத் தூக்கம் நேரடியாகத் தேவை. சர்வீஸ் பாஸும் அப்படித்தான். ஆனால் வெளியூர்ப் பயணம் தூக்கத்தைத்தான் முதலில் தின்னும். இலையுதிர் காலம் கால்பந்து சீசனும்கூட. பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரும் சனிக்கிழமைகளில், ஸ்டேட் காலேஜ் போன்ற சின்ன ஊரில் நல்ல ஹோட்டல் அறை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் இரவு முழுவதும் தாழ்வாரத்தில் கொண்டாட்டம். அணி மேலாளர்கள் அட்டவணை வந்த அன்றே கால்பந்து தேதிகளைப் பார்த்து அறை போடுவது இதனால்தான். தனி விமானம் அமர்த்தும் வசதியுள்ள அணிகள் மேட்ச் முடிந்த இரவே கிளம்பிச் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாத அணிக்குப் பேருந்தும் விமான நிலைய நாற்காலியும்தான்.

சாப்பாடு, தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட்ச்சுக்கு மூன்று நான்கு மணி நேரம் முன் பழகிய உணவு, விமானத்தில் நிறையத் தண்ணீர், நீண்ட பேருந்துப் பயணத்தில் இடையிடையே இறங்கி நடப்பது. உயரமான பெண்களுக்குக் கால் நீட்ட இடமில்லாத இருக்கை முழங்காலையும் இடுப்பையும் இறுக்கிவிடும் என்பதால், ஹோட்டலுக்குப் போனதும் கால் மணி நேரம் உடலைத் தளர்த்தும் பயிற்சி இருக்கும்.

படிப்பை விட்டுவிடக் கூடாது. இவர்கள் மாணவிகள். வெளியூர் வாரத்தில் வியாழன், வெள்ளி வகுப்புகள் போகும். தேர்வு வந்தால் ஹோட்டல் கூட்ட அறையில் அணியோடு வரும் கல்வி ஆலோசகர் கண்காணிப்பில் எழுதுவார்கள். வேதியியல் தேர்வு எழுதிவிட்டு மாலையில் பீல்ட் ஹவுஸில் சர்வீஸ் எடுக்கிற 18 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அந்த வருடம்தான் இதெல்லாம் முதல் தடவை. புது மாணவிகள் ஆடும் அணிகள் வெளியூரில் அதிகம் தடுமாறுவது இயற்கை. அதற்காகத்தான் பெரிய அணிகள் கான்பரன்ஸ் தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே, வேண்டுமென்றே கடினமான வெளியூர் மேட்ச்சுகளைப் போட்டுக்கொள்கின்றன. 2024இல் நெப்ராஸ்கா டாலஸுக்குப் போய் எஸ்எம்யூவிடம் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றது. அப்படித் தோற்ற அணி அதற்குப் பிறகு நவம்பர் கடைசிவரை தோற்கவே இல்லை. அந்தத் தோல்வி வீணாகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதல் செட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். உயர்மட்ட லீக் ஆட்டங்களைச் செட் வாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வில், சொந்த மைதானச் சாதகம் முதல் செட்டிலும் கடைசிச் செட்டுகளிலும்தான் பெரிதாகத் தெரிந்தது. நடுச் செட்டுகளில் அவ்வளவு இல்லை. மேலே சொன்னதோடு இது பொருந்துகிறது. முதல் செட்டில் வந்த அணியின் கண் இன்னும் பழகவில்லை, கடைசியில் உடம்பு களைத்துவிட்டது. ஆகவே முதல் பத்துப் புள்ளிகளுக்குத் தனியாகத் தயாராவார்கள். ஊரில் பயிற்சியின்போது வார்ம்-அப் முடித்து, பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, அறிமுகப் பாட்டெல்லாம் போட்டு, உடனே 10 புள்ளிக்கு ஒரு குட்டி ஆட்டம். முதல் இரண்டு மூன்று சைட்-அவுட்டுக்கு யாருக்குப் பந்து போகவேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானம்.

ஓய்வறையில் பயிற்சியாளர் பேசும் வீரவசனத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்றால், மிகக் கொஞ்சம். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. வெளியூரில் அந்த ஏழெட்டுப் பேர்தான் அணியின் மொத்த ரசிகர் கூட்டம். பந்து வெளியே போகிறதா, எதிரணி செட்டர் தானே தட்டிப் போடப் போகிறாரா என்பதைப் பக்கவாட்டிலிருந்து கத்திச் சொல்ல அவர்களால் முடியும். மேட்ச் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் பெஞ்சை நான் பார்த்தால், அந்த அணி நன்றாகத் தயாராகி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

சொந்த அரங்கம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் இல்லை. 2025இல் நெப்ராஸ்கா ஒரு மேட்ச்கூட தோற்காமல் வந்து, லிங்கனிலேயே, காலிறுதிக்கு நிகரான பிராந்திய இறுதியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் ஐந்து செட்டில் தோற்றது. வென்ற அணி அப்படியே போய்த் தேசியப் பட்டமும் வாங்கியது. சீசனில் மிகக் கடினமான வெளியூர் மேட்ச்சை ஆடி வென்றது அந்த அணிதான். அந்த மேட்ச்சின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். பந்து அடிக்கப்படும் இடத்தைப் பார்க்காமல், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பாஸர்கள் மூவர் எங்கே நிற்கிறார்கள், நடுவில் வரும் சர்வீஸுக்கு யார் போகிறார், புள்ளி போன பிறகு கூடி நிற்கும்போது யார் பேசுகிறார் என்று மட்டும் முதல் செட்டில் கவனியுங்கள். அப்புறம் ஐந்தாவது செட்டையும் அதேபோல் பாருங்கள். நான் இங்கே எழுதியதில் எது சரி, எது மிகை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.